மன்ஹைமில் ஒரு செமஸ்டர்: எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜெர்மனிக்கு முழுப் பட்டப்படிப்புக்காகப் போகிறவர்களுக்குத் தகவல் எங்கும் குவிந்து கிடக்கிறது. எம்.பி.ஏ. அல்லது மேலாண்மைப் படிப்பின் நடுவில் ஒரே ஒரு செமஸ்டருக்குப் போகிறவர்களின் நிலை வேறு. உங்களுக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. அதில் ஒரு மாதம் அலுவலகங்களுக்கு அலைவதில் போய்விட்டால், மிச்சம் இருப்பதில் படிப்பா, ஊர் சுற்றுவதா என்ற இழுபறிதான். ஜெர்மனியில் ஒரு காகிதம் கையில் இருந்தால்தான் அடுத்த காகிதம் கிடைக்கும். அறைக்கான ஒப்பந்தம் இல்லாமல் முகவரிப் பதிவு இல்லை, காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகச் சேர்க்கை இல்லை. எதை முதலில், எதை அடுத்து என்ற வரிசை தெரிந்தவர்கள் இரண்டாவது வாரத்திலேயே நிம்மதியாக வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

உதாரணத்துக்கு மன்ஹைம் பல்கலைக்கழகத்தின் வணிகப் பிரிவை எடுத்துக்கொள்கிறேன். ஃபாலண்டாரில் உள்ள டபிள்யூ.எச்.யூ., லைப்சிக்கின் எச்.எச்.எல். ஆகிய வணிகப் பள்ளிகள், கொலோன், ஃபிராங்க்ஃபர்ட் என்று வேறு எங்கே போனாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

பெரும்பாலான ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டரின் வகுப்புகள் அக்டோபரில் தொடங்கி, தேர்வு பிப்ரவரி வரை இழுக்கும். நடுவில் கிறிஸ்துமஸ் விடுமுறையும் வரும். நம் ஊர் எம்.பி.ஏ. மாணவருக்கு இது பெரிய தலைவலி. ஜனவரியில் இங்கே அடுத்த டெர்ம் தொடங்கிவிடும், வேலைவாய்ப்பு நேர்காணல்களும் வரிசை கட்டும்.

மன்ஹைம் இதில் தனி வழி. அங்கே இலையுதிர் செமஸ்டரின் வகுப்புகள் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து டிசம்பரில் முடிகின்றன. தேர்வும் கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும். வசந்த செமஸ்டர் பிப்ரவரியில் தொடங்கி மே, ஜூனில் முடியும். எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் மன்ஹைமைத் தேடிப் போவதற்கு அதன் பெயர் எவ்வளவு காரணமோ, அந்த அளவுக்கு இந்தக் காலண்டரும் காரணம். உங்கள் கல்லூரி தரும் பட்டியலில் நான்கைந்து ஜெர்மன் நிறுவனங்கள் இருந்தால், தரவரிசையைப் பார்ப்பதற்கு முன் கடைசித் தேர்வு எந்தத் தேதியில் என்று கேளுங்கள்.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. பாடன்-வ்யூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1500 யூரோ வாங்குகிறது. மன்ஹைம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. ஆனால் கூட்டு ஒப்பந்தத்தின்படி வரும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு இது கிடையாது. உங்கள் கல்லூரிக்கு நீங்கள் வழக்கமாகக் கட்டும் கட்டணமே போதும். அங்கே செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகை கேட்டால் கேன்டீன், விடுதி போன்ற மாணவர் சேவைகளுக்கானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன்

உங்கள் கல்லூரி உங்கள் பெயரை அனுப்பிய பிறகு, அங்கிருந்து சேர்க்கைக் கடிதம் வரும். அது வந்த அன்றே விசா வேலையைத் தொடங்கிவிடுங்கள். செமஸ்டர் 90 நாளைத் தாண்டுவதால் சுற்றுலா செல்வதற்கான, பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா செல்லாது. தேசிய விசா, அதாவது டி வகை விசா வேண்டும். கட்டணம் 75 யூரோ. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னையில் விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையம் இருக்கிறது. இலங்கையில் இருந்து விண்ணப்பிப்பவர்களுக்குக் கொழும்பில் உள்ள ஜெர்மன் தூதரகம். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரில் வந்த, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் விதி எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கும் உண்டா, விலக்கா என்பதைத் தூதரகம் வெளியிடும் அப்போதைய சரிபார்ப்புப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். சீனியர் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன.

விசாவில் எல்லோரும் தடுமாறும் இடம் பணச் சான்று. முடக்கப்பட்ட கணக்கு என்று ஒன்று திறக்க வேண்டும், ஜெர்மன் மொழியில் ஷ்பெர்கோன்டோ. எக்ஸ்பாட்ரியோ, ஃபின்டிபா போன்ற நிறுவனங்கள் வழியாக ஊரில் இருந்தே திறக்கலாம். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த தொகை மாதத்துக்கு 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ. நீங்கள் ஒரு செமஸ்டருக்குத்தான் போகிறீர்கள் என்பதால் தங்கும் மாதங்களுக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதும். தொகை திருத்தப்பட்டிருக்கிறதா என்று பணம் அனுப்பும் முன் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தை மொத்தமாக எடுக்க முடியாது. அங்கே போய் வங்கிக் கணக்கு திறந்த பிறகு மாதாமாதம் அதில் வந்து விழும். ஆகவே முதல் மாதச் செலவுக்கும் வாடகை முன்பணத்துக்கும் தனியாகப் பணம் வைத்திருப்பது அவசியம். இதை யோசிக்காமல் வந்து இறங்கி, கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் மாணவர்கள் ஒவ்வொரு செமஸ்டரிலும் இருக்கிறார்கள்.

விண்ணப்பிக்கும்போது இன்னொரு கவனம்: கடைசித் தேர்வு தாண்டி ஒன்றிரண்டு வாரம் வரை, தங்கும் காலம் முழுவதற்கும் விசா வேண்டும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். விசா ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்ததும் தேதியைப் படித்துப் பாருங்கள். விசா பாதியிலேயே முடிகிறது என்றால் அங்கே வெளிநாட்டினர் அலுவலகத்தில் நாட்டில் தங்குவதற்கான அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதற்கு முன்பதிவு கிடைப்பதற்குள் செமஸ்டரே முடிந்துவிடலாம்.

அடுத்தது மருத்துவக் காப்பீடு. இதில் இரண்டு கட்டம். விமானம் ஏறும் நாளில் இருந்து பல்கலைக்கழகத்தில் பதிவாகும் நாள் வரை பயணக் காப்பீடு. பதிவுக்குப் பிறகு மாணவர் காப்பீடு. 30 வயதுக்குள் இருப்பவர்கள் டி.கே., ஏ.ஓ.கே., பார்மெர் போன்ற அரசு சார்ந்த காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மாணவர் கட்டணத்தில் சேரலாம். மாதம் சுமார் 150 யூரோ ஆகும். அந்த நிறுவனம் எம் 10 என்ற மின்னணுச் செய்தியை நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும். அது போய்ச் சேராமல் உங்கள் சேர்க்கை முடியாது. மலிவான தனியார் காப்பீட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் அரசுக் காப்பீட்டில் இருந்து விலக்குக் கேட்டு, அதற்கான எம் 10 செய்தியை அனுப்பச் சொல்ல வேண்டும். பல் வலி, காய்ச்சல் என்று டாக்டரிடம் போகும்போது கையில் இருந்து பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்கும் நிலைமை தனியார் காப்பீட்டில்தான் வரும். நான்கு மாதத்துக்கு மிச்சமாகும் பணத்தைவிட அரசுக் காப்பீடு தரும் நிம்மதி பெரிது என்பது என் கருத்து.

அறை தேடுவது

உண்மையான போராட்டம் இதுதான். சேர்க்கைக் கடிதத்தோடு விடுதி விண்ணப்பத்துக்கான வழிமுறையும் வரும். அதற்கான கடைசித் தேதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனியுங்கள். மன்ஹைமில் மாணவர் விடுதிகளை நடத்துவது ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பு. உல்மென்வெக், ஹாஃபென்ஷ்ட்ராஸெ போன்ற இடங்களில் அதன் விடுதிகள் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒப்பந்தம் செமஸ்டர் கணக்கில் இருக்கும், சாமான்கள் உள்ளேயே இருக்கும், முகவரிப் பதிவுக்கு வேண்டிய காகிதமும் தகராறு இல்லாமல் கிடைக்கும்.

விடுதி கிடைக்கவில்லையா? அப்போது உள்ளூர் மாணவர் ஒருவர் வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போகும் அறையைத் தேடுங்கள். ட்ஸ்விஷென்மீட்டெ என்று விளம்பரத்தில் இருக்கும். மன்ஹைம் மாணவர்களும் அதே செமஸ்டரில் வெளிநாட்டுக்கு எக்ஸ்சேஞ்ச் போகிறார்கள். நான்கு மாதம் அவர்கள் அறை சும்மா கிடக்கும். உங்கள் கல்லூரிக்கே மன்ஹைமில் இருந்து ஒருவர் வருகிறார் என்றால் அவருக்கு எழுதிக் கேட்பதில் தவறே இல்லை. வே.கே. கெஸூக்ட் என்ற தளத்தில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் வரும். அதில் மோசடிகளும் உண்டு. ‘நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்று யாராவது எழுதினால் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். வீடியோவில் அறையைக் காட்டாதவருக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

விளம்பரத்தில் வாடகை இரண்டு விதமாக இருக்கும். கால்ட்மீட்டெ என்றால் வெறும் அறை வாடகை. வார்ம்மீட்டெ என்றால் வெப்பம், தண்ணீர் எல்லாம் சேர்த்து. நீங்கள் ஒப்பிட வேண்டியது இரண்டாவதை. முன்பணம் சட்டப்படி மூன்று மாத வெறும் வாடகையைத் தாண்டக் கூடாது.

ஒப்பந்தம் போடும் முன் ஒரே ஒரு கேள்வி மறக்காமல் கேளுங்கள்: ‘இந்த முகவரியில் நான் பதிவு செய்யலாமா?’ முடியாது என்றால் அந்த அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பெட்டியில் என்ன போகும், என்ன போகாது

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியில் இருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருட்கள் கொண்டுவரக் கூடாது. அம்மா கட்டித் தரும் நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்புகள் எல்லாம் இதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலையும் போகாது. செடி, இலை, பழம் எதுவாக இருந்தாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும்தான் விலக்கு. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப் பொடி, பெருங்காயம் ஆகியவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பால் சேராத பொடியும் தொக்கும்தான் முதல் இரண்டு வாரத்துக்கு உங்களைக் காப்பாற்றும். சின்ன குக்கர் கொண்டுபோவதானால் அடிப்பாகம் இண்டக்‌ஷன் அடுப்புக்கும் ஏற்றதாக இருக்கட்டும்.

தடித்த குளிர்கோட்டை ஊரில் வாங்க வேண்டாம். சென்னையில் கிடைப்பது அந்தக் குளிருக்குப் போதாது, பெட்டியில் இடத்தையும் அடைக்கும். செப்டம்பரில் அங்கே போய் இறங்கினால் ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். கோட்டை அக்டோபரில் அங்கேயே வாங்கலாம்.

இறங்கிய முதல் இரண்டு வாரம்

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. ஐ.சி.இ. அதிவேக ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், மன்ஹைம் வந்துவிடும். மன்ஹைமின் நகர மையத்தில் தெருக்களுக்குப் பெயர் இல்லை. சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். எல் 5, ஓ 7 என்றுதான் முகவரி இருக்கும். புதிதாக வருபவர் குழம்புவார். அரண்மனையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தால் இடது பக்கம் ஏ முதல் கே வரை, வலது பக்கம் எல் முதல் யூ வரை என்று நினைவில் வைத்தால் போதும். அந்த பரோக் பாணி அரண்மனைதான் உங்கள் பல்கலைக்கழகம்.

அறைக்கு வந்ததும் முதல் வேலை, கீழே போய்த் தபால் பெட்டியைப் பாருங்கள். அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். ஜெர்மனியில் தபால்காரர் அறை எண் பார்த்துக் கடிதம் போடுவதில்லை, பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். வங்கி அட்டை ஒரு கடிதத்திலும் அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்திலும் வரும், காப்பீட்டு அட்டை தபாலில் வரும், வரி எண் தபாலில் வரும். எல்லாமே அந்தச் சின்ன இரும்புப் பெட்டியை நம்பித்தான் இருக்கிறது. உள்வாடகைக்கு இருக்கிறீர்கள் என்றால், ஒரு துண்டுக் காகிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைத் தெளிவாக எழுதி, வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே டேப் போட்டு ஒட்டுங்கள். இனிஷியல் மட்டும் உள்ள பெயர்கள் கடவுச்சீட்டில் விரிவாக இருக்கும் அல்லவா, அந்த விரிவான பெயர்தான் கடிதங்களில் வரும்.

அடுத்தது முகவரிப் பதிவு, அன்மெல்டுங். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். மன்ஹைமில் கே 7 சதுரத்தில் உள்ள குடிமக்கள் சேவை அலுவலகத்துக்குப் போக வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். செப்டம்பரில் எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் வருவதால் ஊரில் இருக்கும்போதே இடம் பிடித்து வைப்பது புத்திசாலித்தனம். கடவுச்சீட்டும், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற ஒரு பக்கச் சான்றும் கொண்டுபோங்கள். இந்த இரண்டாவது தாள் வாடகை ஒப்பந்தம் அல்ல, தனிப் படிவம். ஒப்பந்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவர்கள் ஏராளம்.

உள்ளே வேலை பத்து நிமிடம்தான். திரையில் உங்கள் எண் வரும், மேசைக்கு எதிரே உட்காருவீர்கள், அலுவலர் தட்டச்சு செய்வார். நடுவில் மதம் என்ன என்று கேட்பார். இது புள்ளிவிவரத்துக்காகக் கேட்பதல்ல. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று பதிவானால், வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்கும்போது தேவாலய வரியும் பிடிப்பார்கள். யோசித்துப் பதில் சொல்லுங்கள். கடைசியில் முத்திரையோடு ஒரு தாள் தருவார். அதைப் படம் எடுத்துப் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, நூலகம், மொபைல் என்று எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

அந்தத் தாளோடு வங்கிக் கணக்கு திறந்து, அதன் எண்ணை முடக்கப்பட்ட கணக்கு நிறுவனத்துக்குக் கொடுத்தால் பணம் வரத் தொடங்கும். சிம் கார்டு பிரீபெய்டாக வாங்குங்கள், ஆல்டி டாக் போதும். இரண்டு வருட ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஜிம்முக்கும் இதே கதைதான். ஒப்பந்தம் தானாக முடியாது, நீங்கள் எழுதிக் கொடுத்து முடிக்க வேண்டும்.

பதிவு செய்த சில வாரத்தில் ஒரு கடிதம் வரும். பொது ஒலிபரப்புக் கட்டணம், மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று. டி.வி. இல்லை, ரேடியோ இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள், அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய கட்டணம். ஒரே வீட்டில் நான்கு பேர் பகிர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். அவருடைய பங்களிப்பு எண்ணை வாங்கிப் பதில் எழுதுங்கள். விடுதியில் பொது நடைவழியில் இருந்து நேராக உங்கள் அறைக்குள் நுழைகிறீர்கள் என்றால் அந்த அறை தனி வீடாகவே கணக்கில் வரும்.

வகுப்பும் தேர்வும்

இங்கேதான் நம் மாணவர்கள் உண்மையில் சிரமப்படுகிறார்கள், பாடம் கடினமாக இருப்பதால் அல்ல, முறை வேறாக இருப்பதால்.

முழுப் பாடச்சுமை என்பது செமஸ்டருக்கு 30 இ.சி.டி.எஸ்., அதாவது ஐரோப்பியப் பாடப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. உங்கள் கல்லூரி 20 போதும் என்றால் 20 மட்டும் எடுங்கள். நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான். நான்கு மாதத்தில் 30 புள்ளியை இழுத்துக்கொண்டு நூலகத்திலேயே கிடந்தவர்களைவிட, நான்கு பாடங்களை ஒழுங்காகப் படித்து, அங்குள்ள மாணவர்களோடு பழகியவர்களுக்குத்தான் அந்த செமஸ்டர் பயன்பட்டிருக்கிறது.

மன்ஹைமின் முதுகலைப் பாடங்களுக்கு முன்னால் குறியீடு இருக்கும். ஏ.சி.சி. என்றால் கணக்கியல், எஃப்.ஐ.என். என்றால் நிதி, எம்.கே.டி. என்றால் சந்தைப்படுத்தல், ஓ.பி.எம். என்றால் செயல்பாடுகள். பாடத்திட்டப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் முன்தேவை, தேர்வு முறை, மொழி எல்லாம் இருக்கும். தேர்வு முறை என்ற வரியைக் கட்டாயம் படியுங்கள். பல பாடங்களில் ஒரே ஓர் எழுத்துத் தேர்வுதான் மொத்த மதிப்பெண்ணும். வருகைப் பதிவுக்கு மதிப்பெண், வாரா வாரம் சின்னத் தேர்வு, பேராசிரியர் மனம் இரங்கிப் போடும் ஐந்து மதிப்பெண் என்றெல்லாம் கிடையாது. செப்டம்பரில் யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். டிசம்பரில் 60 நிமிடமோ 90 நிமிடமோ எழுதுவதுதான் எல்லாம். கருத்தரங்கு வகைப் பாடங்களில் கட்டுரையும் குழு விளக்கமும் இருக்கும். தேர்வு பயம் உள்ளவர்கள் இரண்டையும் கலந்து எடுப்பது நல்லது.

இதைத் தயவுசெய்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: பாடத்துக்குப் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. செமஸ்டரின் நடுவில் தேர்வுப் பதிவுக்கென்று சில நாட்கள் திறக்கும். மன்ஹைமில் அது போர்ட்டல் 2 என்ற தளத்தில் நடக்கும். அந்த நாட்களில் பெயர் பதியாவிட்டால், ஒரு வகுப்புகூடத் தவறாமல் போயிருந்தாலும் தேர்வு எழுத முடியாது. மின்னஞ்சல் பல்கலைக்கழக முகவரிக்குத்தான் வரும், உங்கள் சொந்த முகவரிக்கு அல்ல. முதல் நாளே அதைப் போனில் இணைத்துவிடுங்கள். தேர்வன்று உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சான்று வாங்க வேண்டும். தவறவிட்டவர்களுக்கு இரண்டாவது தேதி ஒன்று உண்டு. ஆனால் அது வரும்போது நீங்கள் பெரும்பாலும் ஊருக்குத் திரும்பியிருப்பீர்கள். முதல் தேதியையே கடைசித் தேதியாக நினைத்துப் படியுங்கள்.

மதிப்பெண் நமக்கு நேர் எதிர். 1.0 தான் மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. அங்கே 2.0 வாங்குவது நல்ல மதிப்பெண். அது உங்கள் சி.ஜி.பி.ஏ.வில் எப்படி மாறும், அல்லது தேர்ச்சி மட்டும் போதுமா என்பதைக் கிளம்பும் முன் உங்கள் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போன பிறகு பாடத்தை மாற்றினாலும் உடனே கடிதம் எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

குழு வேலை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜெர்மன் மாணவர்கள் முதல் கூட்டத்திலேயே யார் எதைச் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று பிரித்துவிடுவார்கள். பத்து மணிக்குச் சந்திப்பு என்றால் பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே லேப்டாப் திறந்திருக்கும். நம் பழக்கத்தில் ‘பண்ணிடலாம்’ என்று சொன்னால் அதைப் பேச்சுக்குச் சொல்வதாக அவர்கள் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வாக்காகவே எடுத்துக்கொள்வார்கள். முடியாது என்றால் முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள், அதற்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி இரவில் கைவிரித்தால்தான் பெயர் கெடும். ‘இந்த ஸ்லைடு சரியில்லை, எண்களுக்கு ஆதாரம் இல்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அது ஸ்லைடைப் பற்றிய பேச்சு மட்டும்தான். கூட்டம் முடிந்ததும் அதே ஆள் உங்களைக் காபி குடிக்கக் கூப்பிடுவார். நீங்களும் அதே நேர்மையோடு அவர்கள் வேலையைச் சொல்லலாம், அதை அவர்கள் மதிப்பார்கள்.

கட்டுரை எழுதும்போது மேற்கோள் விதிகளில் மிகக் கவனம் தேவை. இது என் சொந்த வேலை என்று கையெழுத்திட்ட உறுதிமொழி கடைசிப் பக்கத்தில் சேர்க்க வேண்டும். அதைச் சடங்காக நினைக்க வேண்டாம்.

வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கைதட்ட மாட்டார்கள், மேசையை விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் நாள் திடீரென்று அரங்கம் முழுவதும் அந்தச் சத்தம் எழும்போது அசந்துபோவீர்கள். பேராசிரியருக்கு அவர்கள் நன்றி சொல்லும் முறை அது.

ஊரில் வாழ்வது

மதியச் சாப்பாட்டுக்கு அரண்மனை அருகே மென்சா என்ற மாணவர் கேன்டீன் இருக்கிறது. மாணவர் அட்டையில் பணம் ஏற்றினால் வெளியில் ஆகும் செலவில் பாதிகூட ஆகாது, சைவமும் தினமும் உண்டு. சமைப்பவர்கள் மார்க்ட்பிளாட்ஸ் என்ற சந்தைச் சதுக்கத்தின் பக்கம் போங்கள். அங்கே துருக்கிக் கடைகள் நிறைய. கொத்தமல்லி, வெண்டைக்காய், கத்திரிக்காய், பருப்பு எல்லாம் கிடைக்கும். துருக்கித் தயிர் நம் ஊர்த் தயிர்போல் கெட்டியாக இருக்கும், தயிர்சாதத்துக்கு ரொம்பப் பொருத்தம். தாளிக்கும்போது மட்டும் ஜன்னலைத் திறந்து, நடைவழிக் கதவை மூடிக்கொள்ளுங்கள். விடுதியின் புகை எச்சரிக்கைக் கருவி மிளகாய்க்கும் தீக்கும் வித்தியாசம் பார்க்காது. குளிர்காலத்திலும் தினம் சில நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து காற்றோட்டம் விடுவது அங்கே கட்டாயம். இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும், அந்தச் செலவு முன்பணத்தில் கழியும்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. சனிக்கிழமை மாலைக்குள் அரிசியும் பாலும் வாங்கிவிடுங்கள். தண்ணீர், ஜூஸ் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு 25 சென்ட் முன்பணம் சேர்த்துத்தான் விலை. காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். சிறிய கடைகளிலும் உணவகங்களிலும் கார்டு வாங்க மாட்டார்கள் என்பது இன்னும் சகஜம், கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

பயணத்துக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்குங்கள். 2023 மே மாதம் 49 யூரோவாகத் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுவதும் டிராம், பஸ், வட்டார ரயில் எல்லாவற்றிலும் செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. போன்ற நெடுந்தூர ரயில்களில் மட்டும் செல்லாது. அது மாதாந்திரச் சந்தா என்பதால், நிறுத்த வேண்டிய மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். மாணவர்களுக்கான வட்டாரப் பயண அட்டை இதைவிட மலிவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 60 யூரோ, புதியவன் என்று சொன்னாலும் விட மாட்டார்கள்.

வார இறுதிகளில் ஒவ்வொரு நாடாக ஓட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். உங்கள் டி வகை விசாவில் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் தங்கலாம், தடையில்லை. ஆனாலும் பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். ரயிலில் கால் மணி நேரம் தாண்டினால் ஹைடெல்பெர்க். ரைன் நதியைக் கடந்தால் லுட்விக்ஸ்ஹாஃபெனில் பி.ஏ.எஸ்.எஃப். என்ற ரசாயன நிறுவனத்தின் பிரமாண்டமான தொழிற்சாலை. தெற்கே வால்டோர்ஃபில் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம். கார்ல் பென்ஸ் 1886இல் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றது மன்ஹைமில் இருந்தபோதுதான். வணிகம் படிக்க வந்தவருக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. வசந்த செமஸ்டருக்கு வருகிறவர்கள் முடிந்தால் ஜூன் வாக்கில் ஹாம் நகரத்துக்குப் போங்கள். ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே 2002இல் குடமுழுக்குக் கண்டது. தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலும் இருந்து தமிழர்கள் கூடுகிறார்கள்.

இலையுதிர் செமஸ்டரில் வருகிறவர்கள் இருட்டுக்குத் தயாராக இருக்க வேண்டும். டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதற்குப் பிறகு இந்திய நேரம் நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கும். நேர்காணல் நேரங்களைக் குறித்து வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. மனம் சோர்ந்தால் அறைக்குள்ளேயே முடங்காமல் வெளியே வாருங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்காக விசும் என்ற மாணவர் அமைப்பு மன்ஹைமில் இயங்குகிறது. உள்ளூர் மாணவர் ஒருவரைத் துணையாகச் சேர்த்துவிடும் ஏற்பாட்டுக்கும் பெயர் கொடுத்து வையுங்கள். நம் ஊர் மாணவர்கள் ஆறேழு பேர் ஒன்றாகச் சேர்ந்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகவே திரும்பி வருவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சேர்ந்து சமையுங்கள், தப்பில்லை. குழு வேலைக்கு மட்டும் வேறு நாட்டவரோடு சேருங்கள்.

அவசர எண்கள்: ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு 112, காவல் துறைக்கு 110. உயிருக்கு ஆபத்து இல்லாத, ஆனால் விடியும்வரை காத்திருக்க முடியாத உடல்நலப் பிரச்சினைக்கு 116117.

பகுதிநேர வேலை பற்றிக் கேட்பவர்களுக்கு: மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது 2024 மார்ச்சில் இருந்து விதி. உங்கள் விசாவில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முடிவான பதில். நான்கு மாதத்துக்கு வருகிறவர் இதற்கு மெனக்கெட வேண்டாம் என்பேன். வேலை தேடிச் சேருவதற்குள் தேர்வு வந்துவிடும்.

கிளம்பும்போது

நவம்பரிலேயே தொடங்குங்கள். அறை ஒப்பந்தத்தில் முடியும் தேதி இருந்தாலும், சாவி ஒப்படைக்கும் நாளை எழுத்தில் உறுதி செய்யுங்கள். அறையைச் சுத்தம் செய்து, வந்த அன்று எடுத்த படங்களோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். வந்த அன்று படம் எடுப்பீர்கள் அல்லவா? எடுங்கள்.

முகவரி நீக்கம், அதாவது அப்மெல்டுங். அறையைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, காலி செய்த இரண்டு வாரம் வரை செய்யலாம். அந்தச் சான்றைக் காட்டித்தான் வங்கிக் கணக்கு, மொபைல் போன்றவற்றை முடிப்பது எளிது. ஒலிபரப்புக் கட்டணத்துக்குத் தனியாக எழுதி நிறுத்த வேண்டும், அது தானாக நிற்காது. பல்கலைக்கழகத்தில் இருந்து பெயர் நீக்கச் சான்று வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் நீங்கள் மதுரையில் இருக்கும்போதும் மாதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். மதிப்பெண் பட்டியல் தேர்வு முடிந்த சில வாரங்களுக்குப் பிறகுதான் வரும். அது யாருக்கு, எந்த முகவரிக்குப் போகும் என்று எக்ஸ்சேஞ்ச் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வங்கிக் கணக்கை மட்டும் கடைசியில் மூடுங்கள். வாடகை முன்பணம் திரும்பி வரச் சில மாதங்கள்கூட ஆகலாம். ஜெர்மன் கணக்கு இல்லாவிட்டால் அதை வாங்குவது பெரும்பாடு. முன்பணமும் மென்சா அட்டையின் மீதியும் வந்து சேர்ந்த பிறகு, ஊரில் இருந்தே கடிதம் எழுதிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம்.